ஏற்காட்டு வீட்டுத் தோட்டத்தில் பிளம்ஸ்: வெப்பமானியில் தொடங்கி முதல் பறிப்பு வரை

"கடுங்குளிரையும் தாங்கும் ரகம்" என்று அட்டை தொங்கும் கன்றை வாங்கி நட்டுவிட்டு, நான்கு ஆண்டு கழித்து "மரம் செழிப்பாகத்தான் இருக்கிறது, பூதான் வரவில்லை" என்று சொல்லும் வீடுகளை சேர்வராயன் மலையில் நிறையப் பார்த்துவிட்டேன். என் முதல் இரண்டு மரங்களும் இப்படித்தான் வீணாயின. மண்ணையும் உரத்தையும் சந்தேகித்துக்கொண்டே ஐந்து ஆண்டுகளைக் கழித்தேன். தவறு மண்ணில் இல்லை; வேலைகளைச் செய்த வரிசையில் இருந்தது. கன்று வாங்குவது ஐந்தாவது வேலை. பெரும்பாலோர் அதை முதல் வேலையாகச் செய்துவிடுகிறார்கள்.

சேலம் நகரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில், ஜனவரி இரவிலும் 18, 19 டிகிரியில் நிற்கும் ஊரில் பிளம்ஸ் காய்க்காது. தொட்டியில் வைத்துப் பனிக்கட்டி கொட்டினாலும் காய்க்காது. அந்த இடத்தில் ஒரு மல்கோவாவோ கொய்யாவோ வையுங்கள். கீழே எழுதியிருப்பது 1,300 மீட்டருக்கு மேல் நிலம் உள்ளவர்களுக்கு.

1. முதலில் ஒரு குளிர்காலத்தை அளந்துவிடுங்கள்

அன்றைய அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பத்தைப் பதிந்து வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை, மரம் நிற்கப்போகும் இடத்திலேயே, நெஞ்சுயரத்தில், வெயில் நேராகப் படாதபடி தொங்க விடுங்கள். சுவரில் மாட்டக் கூடாது. பகலில் சுவர் வாங்கிய சூடு இரவு முழுவதும் வெளியே வந்து அளவைக் கெடுத்துவிடும்.

பிளம்ஸ் மரம் குளிர்காலத்தில் இலையை உதிர்த்து உறங்கும். எவ்வளவு நேரம் குளிரில் கழிந்தது என்று அதன் மொட்டுகள் கணக்கு வைத்திருக்கும். கணக்கு நிறைந்தால்தான் ஒழுங்காக விழிக்கும். ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே கழியும் மணி நேரங்களை மட்டும் எண்ணுவது பழைய முறை. அந்தக் கணக்கில் ஏற்காட்டுக்கு ஏறக்குறைய ஒன்றுமே தேறாது. பீச் மரங்களை வைத்துச் செய்த பிந்தைய கணக்கில் ஏறத்தாழ 2.5 முதல் 9 டிகிரி வரையுள்ள குளிருக்கு முழு மதிப்பு, 9 முதல் 12 வரை பாதி மதிப்பு. 16 டிகிரியைத் தாண்டும் பகல், சேர்ந்ததிலிருந்து கழித்துவிடும்.

இந்தக் கடைசி வரிதான் நமக்கு முக்கியம். நம் மலையில் இரவுக் குளிர் ஓரளவு கிடைக்கிறது. நண்பகல் வெயில் அதைத் திருடிக்கொண்டு போகிறது. எனவே குறைந்தபட்ச அளவை மட்டும் பார்த்து மகிழ வேண்டாம். அதிகபட்ச அளவையும் குறித்து வையுங்கள். ஒரே தோட்டத்தில் இரண்டு மூலைகளுக்கு இடையே 2 டிகிரி வேறுபாடு இருப்பதை நான் அளந்திருக்கிறேன். நடும் இடத்தை முடிவு செய்ய அந்த 2 டிகிரி போதும்.

2. குளிரைத் தாங்குவது வேறு, குறைந்த குளிரில் விழிப்பது வேறு

குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. குளிர் தாங்கும் பிளம்ஸ் என்று வட அமெரிக்காவில் விற்பவை, அங்கே பூஜ்யத்துக்கு 30, 40 டிகிரி கீழே போகும் குளிர்காலத்திலும் கட்டை சாகாமல் நிற்கும் கலப்பினங்கள். 'டோகா' அப்படி ஒன்று. அவற்றின் பலம் உயிர் பிழைப்பது. ஏற்காட்டில் எந்த பிளம்ஸும் குளிரால் சாகப்போவதில்லை. அந்தத் தாங்கும் திறனுக்கு இங்கே வேலையே இல்லை. அதோடு சேர்ந்து வரும் நீண்ட உறக்கத் தேவைதான் நமக்கு வந்து வாய்க்கும்.

நாம் தேடவேண்டியது குறைந்த குளிரில் விழிக்கும் ரகத்தை. கடையில் கேட்கும்போது "குளிர் தாங்குமா" என்று கேட்காதீர்கள். "எத்தனை மணி நேரக் குளிர் வேண்டும்" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத இடத்தில் வாங்காதீர்கள்.

'ஸ்டான்லி' போன்ற ஐரோப்பிய வகைகள் 700 மணி நேரத்துக்கும் மேல் கேட்பவை. அவற்றை மறந்துவிடலாம். ஜப்பானிய வகை எனப்படும் உருண்டைப் பழ பிளம்ஸில்தான் நமக்கானவை இருக்கின்றன. பஞ்சாப் சமவெளியிலேயே காய்க்கும் 'சட்லஜ் பர்ப்பிள்', 'காலா அம்ரித்சரி' இரண்டும் என் முதல் தேர்வு. 'மெத்லி'யும் குறைந்த குளிரில் பூப்பது. 'சாண்டா ரோசா', 'கெல்சி' போன்றவை கொடைக்கானலிலும் உதகையிலும் காய்க்கிறதே என்று கேட்பார்கள். அந்த ஊர்கள் 2,000 மீட்டருக்கு மேலே. நாம் 1,500. அந்த 500, 600 மீட்டரில் ஏறத்தாழ 3 டிகிரி போய்விடுகிறது.

ஒரே மரம் போதாது. ஜப்பானிய பிளம்ஸில் பெரும்பாலானவை தம் மகரந்தத்தைத் தாமே ஏற்காதவை. சட்லஜ் பர்ப்பிளைத் தனியே நட்டால் பூவெல்லாம் உதிரும். பக்கத்தில் காலா அம்ரித்சரி வேண்டும். இடமில்லாதவர்கள் ஒரே குழியில் இரண்டு கன்றுகளை ஒரு முழ இடைவெளியில் சாய்த்து நட்டு ஒரே மரம்போல வளர்க்கலாம். மெத்லி ஓரளவு தானாகவே காய்க்கும். துணை இருந்தால் இன்னும் நன்றாகக் காய்க்கும்.

கொட்டையை முளைக்க வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கொடைக்கானல் பழத்தின் கொட்டை முளைத்தாலும் தாயின் குணம் அப்படியே வராது. பழம் தருமா என்று தெரிந்துகொள்ளவே பல ஆண்டுகள் போகும். ஒட்டுக்கன்று மட்டும் வாங்குங்கள்.

3. குளிர் நாட்டு அறிவுரையைத் தலைகீழாக்கி இடம் தேர்வது

வெளிநாட்டு வழிகாட்டிகள் பள்ளத்தில் நடாதே, அங்கே உறைபனி தேங்கும் என்கின்றன. தெற்குப் பார்த்த சுவரை ஒட்டி நடு, சூடு கிடைக்கும் என்கின்றன. அவர்களுக்கு அது சரி. நமக்கு அந்தத் தேங்கும் குளிர்தான் சொத்து. இரவில் கனத்த குளிர்காற்று சரிவில் வழிந்து தாழ்வான இடத்தில் நிற்கும். தண்ணீர் மட்டும் தேங்காது என்றால், தோட்டத்தின் தாழ்ந்த பக்கமே நல்ல இடம்.

கிழக்கு பார்த்த சரிவு மிகச் சிறந்தது. காலை வெயில் இலைக்குக் கிடைக்கும். டிசம்பர், ஜனவரியின் பிற்பகல் வெயில் மொட்டைச் சுடாது. சூரியன் அந்த மாதங்களில் தெற்கே சாய்ந்து போவதால் வீட்டின் தெற்கு, மேற்குச் சுவர்களும் சிமெண்டுத் தளமும் சூட்டைத் தேக்கி வைக்கும். அவற்றிலிருந்து 4 மீட்டராவது தள்ளுங்கள்.

காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களுக்கு இடையில் ஒரு கன்றைச் செருகிவிடலாம் என்று எஸ்டேட்காரர்கள் நினைப்பதுண்டு. அடர்ந்த நிழலில் மரம் குச்சி குச்சியாக உயரும், காய்க்காது. கோடையில் நாளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும்.

4. குழியும் தண்ணீர்ச் சோதனையும்

ஏப்ரலில் குழி எடுங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 60 செ.மீ. மரத்துக்கு மரம் 4 மீட்டர். மேல்மண்ணைத் தனியாகவும் அடிமண்ணைத் தனியாகவும் குவித்து வையுங்கள். ஒரு மாத வெயிலில் குழி காய்ந்தால் மண்ணுக்குள் இருக்கும் புழுவும் பூஞ்சையும் குறையும்.

மூடுவதற்கு முன் குழி நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாளும் நின்றால் அங்கே குழியில் நடாதீர்கள். ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். நமக்குக் கிடைக்கும் பெரும்பாலான கன்றுகள் பீச் வேரில் ஒட்டுக் கட்டியவை, பீச் வேருக்கு ஈரத்தில் நிற்பது ஆகாது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் அடுத்தடுத்து நனைக்கும் மலை இது. இந்த ஒரு சோதனையைத் தவறவிட்டவர்கள் மூன்றாம் ஆண்டு அக்டோபரில் மரத்தை இழக்கிறார்கள்.

மேல்மண்ணோடு நன்கு மக்கிய தொழு உரம் 15 முதல் 20 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு அரைக் கிலோ, எலும்புத்தூள் அரைக் கிலோ கலந்து நிரப்புங்கள். இங்கத்திய செம்மண் சற்றுப் புளிப்பானது. பிளம்ஸுக்கு 5.5 முதல் 6.5 வரை கார அமில நிலை இருந்தால் போதும். மண் பரிசோதனை 5க்குக் கீழே காட்டினால் மட்டும் சுண்ணாம்பு இடுங்கள். மக்காத சாணத்தைப் போட வேண்டாம். அது குழிக்குள் சூடேறும், வேர்ப்புழுவையும் அழைக்கும்.

5. இப்போது கன்று

குன்னூரில் உள்ள தோட்டக்கலைத் துறையின் பழவியல் நிலையத்திலும், ஏற்காட்டிலுள்ள வேளாண் பல்கலைக்கழகத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலும் முதலில் கேளுங்கள். இல்லையென்றால் ரகத்தின் பெயரை எழுதித் தரும் நர்சரியில் வாங்குங்கள்.

கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை சில. ஒட்டுப் பகுதி பிளவின்றி மூடியிருக்க வேண்டும். தண்டில் பிசின் கசியக் கூடாது. பையின் அடியில் வேர் சுருண்டு வட்டமடித்திருந்தால் வேண்டாம். ஆள் உயரக் கன்றைவிட, விரல் தடிமனில் மூன்றடி இருக்கும் ஓராண்டுக் கன்று மேலானது. உயரமான கன்றை நட்டபின் எப்படியும் வெட்டத்தான் போகிறோம்.

வடக்கேயிருந்து ஜனவரியில் மண்ணில்லாத வெறும் வேரோடு வரும் கன்றுகள் விலை குறைவு. ஆனால் அவை இங்கு வந்து சேரும்போது நமக்கு வறட்சி தொடங்குகிறது. நாள் தவறாமல் தண்ணீர் ஊற்ற ஆளிருந்தால் மட்டும் அவற்றை வாங்குங்கள்.

6. நடவு

ஜூன் மழை மண்ணை நனைத்த பிறகு, மாலையில் நடுங்கள். ஐப்பசி அடைமழை வருவதற்குள் வேர் பிடித்துக்கொள்ள மூன்று மாதம் கிடைக்கும்.

ஒட்டுப் பகுதி தரையிலிருந்து 10 செ.மீ. மேலே நிற்க வேண்டும். மண் புதிதாக நிரப்பிய குழியில் கன்று சிறிது இறங்கும் என்பதையும் சேர்த்து, இன்னும் இரண்டு விரல் உயர்த்தியே நடுங்கள். ஒட்டு மண்ணுக்குள் போனால் அங்கே அழுகல் தொடங்கும். மேல் பகுதி தனியாக வேர் விட்டு ஒட்டுக்கட்டியதன் பயனும் போகும். காற்றடிக்கும் பக்கம் ஒரு குச்சி நட்டு எட்டு வடிவ முடிச்சில் தளர்வாகக் கட்டுங்கள். காய்ந்த இலை, காபித் தோல் எது கிடைத்தாலும் மூடாக்குப் போடலாம். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் மட்டும் வெறுமையாக இருக்கட்டும்.

பிறகு மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு கன்றை 70 செ.மீ. உயரத்தில் வெட்டிவிடுங்கள். எல்லோரும் தயங்கும் இடம் இது. வெட்டாவிட்டால் ஒரே தண்டாக மேலே ஓடி, காய் எட்டாத உயரத்தில் காய்க்கும், குரங்குக்கு வசதியாக.

7. முதல் மூன்று ஆண்டுக் கவாத்து

வெட்டிய இடத்துக்குக் கீழே வரும் துளிர்களில் வெவ்வேறு திசை பார்த்த நான்கை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். நடுவில் வெளிச்சம் விழும் கிண்ண வடிவம்தான் குறி. ஒட்டுக்குக் கீழிருந்து வரும் துளிரைக் கண்டவுடன் எடுத்துவிடுங்கள். அது பீச் துளிர். விட்டுவைத்தால் பிளம்ஸை அமுக்கிவிடும்.

இரண்டாம் ஆண்டில் அந்த நான்கு கிளைகளையும் கயிறு கட்டிப் படுக்கை வாட்டில் சாய்க்க வேண்டும். நேராக நிற்கும் கிளையில் நுனி மொட்டு மட்டும் விழித்து மேலே ஓடும், இடையிலுள்ளவை தூங்கும். சாய்த்த கிளையில் நெடுகிலும் மொட்டு விழிக்கும். குளிர் போதாத ஊரில் இந்தச் சாய்வு பாதிக் கவாத்துக்குச் சமம்.

பிளம்ஸ் பெரும்பாலும் இரண்டு வயதான கிளைகளில் வரும் சிறு முட்டுக் குச்சிகளில் காய்க்கும். விரல் நீளம்கூட இருக்காது. காய்ந்த முள் என்று எண்ணிப் புதியவர்கள் அவற்றைச் சீவி எடுத்துவிடுகிறார்கள். அடுத்த நான்கைந்து ஆண்டுப் பழம் அந்தக் குச்சிகளில் இருக்கிறது.

மழை நாளில் கத்தரியை எடுக்காதீர்கள். ஈரக் காயம் வழியாகத்தான் பிசின் நோய் நுழைகிறது.

8. மரத்தை உறங்க வைப்பது

முழு வேலையிலும் கவனம் அதிகம் கேட்பது இதுதான். மற்றவற்றைச் சரியாகச் செய்து இதை விட்டவர்கள் நிறைய இலையும் நாலு பூவும் பார்க்கிறார்கள்.

இமயமலைப் பக்கத்தில் குளிரே இலையை உதிர்த்துவிடும். ஏற்காட்டில் ஜனவரி வந்தும் பழைய இலை மரத்திலேயே தொங்கும். இலை இருக்கும்வரை மரம் பாதி விழிப்பில் கிடக்கும். எனவே குளிர் செய்ய வேண்டியதில் ஒரு பகுதியை நாம் செய்ய வேண்டும். குண்டுமல்லி வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல; நவம்பர் கடைசியில் தண்ணீரைக் குறைத்துக் கவாத்து செய்து செடியைப் பூவுக்குத் திருப்புகிறார்களே, அந்தப் பழக்கம்தான்.

ஆகஸ்டுக்குப் பிறகு தழைச்சத்து தரும் உரம் எதுவும் வேண்டாம். அப்போது கொடுத்தால் நவம்பரிலும் தளிர்த்துக்கொண்டிருக்கும். வடகிழக்கு மழை ஓய்ந்ததும், டிசம்பர் தொடக்கத்தில் மூடாக்கை விலக்கி மண்ணைக் காய விடுங்கள். மூன்று வயதுக்கு மேற்பட்ட மரத்துக்கு மூன்று, நான்கு வாரம் தண்ணீர் நிறுத்தலாம். இளங்கன்றுக்கு நிறுத்த வேண்டாம், வாடிப்போகும்.

டிசம்பர் கடைசி வாரத்தில் இலைகளை நீக்குங்கள். கையால் கீழ்நோக்கி உருவினால் இலையோடு மொட்டும் உரிந்து வந்துவிடும். என் வீட்டுக்கு உதவ வந்த பையன் ஒரு மரம் முழுவதையும் அப்படி உருவிவிட்டான். அந்த ஆண்டு அதில் ஒரு பூ இல்லை. கத்தரியால் இலையை வெட்டிக் காம்பை விட்டுவிடுங்கள். காம்பு சில நாளில் தானே விழும். நடுத்தர மரத்துக்கு ஒரு காலைப் பொழுது பிடிக்கும்.

இலை எடுத்த அன்றே தண்டுக்கும் முக்கியக் கிளைகளுக்கும் சுண்ணாம்பு அடியுங்கள். இலை நிழல் போன பட்டை வெயிலில் வெடிக்காமலிருக்கும், வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்புவதால் கிளையும் சூடேறாது. அடுத்த இரண்டு, மூன்று வாரம் மரத்தைத் தொடவே வேண்டாம். மொட்டு பருத்துப் பச்சை நுனி தெரிந்ததும் நன்றாக ஆழ நனையும்படி ஒரு தண்ணீர், பத்து நாளில் இன்னொன்று. அதோடு 10 கிலோ தொழு உரம். ஆண்டுதோறும் கூட்டி 25 கிலோவில் நிறுத்துங்கள்.

உறக்கம் கலைக்க ஹைட்ரஜன் சயனமைடு தெளிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். பெரிய திராட்சைத் தோட்டங்களில் தெளிக்கும் கடும் நஞ்சு அது. தோலில் பட்டாலே புண்ணாக்கும், தெளித்தவர் மது அருந்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். குழந்தைகள் ஓடும் வீட்டுத் தோட்டத்துக்குள் அதைக் கொண்டு வராதீர்கள்.

குளிர் போதவில்லை என்பதை மரமே காட்டும். கிளை நுனியில் மட்டும் தழைத்து நடுவில் மொட்டையாக நிற்கும். இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பூக்கும். மொட்டு விரியாமலே உதிரும். உரத்தைக் கூட்டாதீர்கள். அடுத்த ஆண்டு கிளையை இன்னும் சாய்த்து, இலை எடுப்பதை ஒரு வாரம் முன்னோ பின்னோ நகர்த்திப் பாருங்கள். மூன்று ஆண்டு இப்படிச் செய்தும் மாறவில்லையென்றால் ரகம் தவறு. அதே மரத்தில் குறைந்த குளிர் ரகத்தை ஒட்டுக் கட்டிவிடலாம். வேரை இழக்க வேண்டியதில்லை.

9. பூவும் காய் கலைத்தலும்

பூ வருவது பெரும்பாலும் பிப்ரவரியில். அந்த நாட்களில் எந்த மருந்தும் தெளிக்கக் கூடாது, வேப்பெண்ணெய்கூட. அடுக்குத் தேனீயும் கொசுத் தேனீயும்தான் வேலையை முடிக்க வேண்டும். பூமழை பெய்து காபி ஒரே நாளில் வெள்ளையாகப் பூத்துவிட்டால் தேனீக்கள் பிளம்ஸை விட்டு அங்கே போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். அப்போது மெல்லிய தூரிகையால் ஒரு ரகத்தின் பூவைத் தொட்டு மற்ற ரகத்தின் பூவில் தடவுங்கள். காலை பத்து மணிக்கு மேல், பனி காய்ந்த பிறகு.

காய் சுண்டைக்காய் அளவைத் தாண்டியதும், கொட்டை கெட்டியாவதற்குள், நான்கு விரல் இடைவெளியில் ஒரு காயை விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் கிளை முறியும், பழம் சிறுக்கும், அடுத்த ஆண்டு பூவும் குறையும்.

10. பிசின், பழ ஈ, குரங்கு

தண்டில் பிசின் வடிந்தால் அந்த இடத்தைக் கூர்மையான கத்தியால் நல்ல பட்டை தெரியும்வரை சுரண்டி, போர்டோ பசை பூசுங்கள். மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பாத்திரத்தில் பாதிப் பாதித் தண்ணீரில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும். தீட்டிய இரும்புக் கத்தியை நனைத்து எடுத்தால் செம்புநிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேருங்கள். இதே அளவை 10 லிட்டர் தண்ணீரில் கலந்தால் தெளிக்கும் கலவை. இலை எடுத்த வெறும் மரத்தில் மட்டும் தெளியுங்கள். பசும் இலையில் பட்டால் பிளம்ஸ் இலை கருகி ஓட்டை விழும்.

பழ ஈ ஏப்ரலில் வரும். மீதைல் யூஜினால் பொறி ஒன்றைக் காய் பருக்கும்போதே தொங்க விடுங்கள். அது ஆண் ஈயை மட்டும் பிடிக்கும், எனவே அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி, கட்டிய பையில் வெயிலில் வையுங்கள். குப்பைக்குழியில் போட்டால் புழு அங்கேயே கூட்டுப்புழுவாகி மறுபடி எழும். சிறு தோட்டத்துக்குத் துணிப் பை கட்டுவதுபோல் பலன் தருவது வேறில்லை.

குரங்குக்கு எந்த வேலியும் முழுப் பாதுகாப்பல்ல. மரத்தைக் குட்டையாக வைத்து வலை போடுவதும், சற்று முன்னதாகப் பறிப்பதும்தான் வழி.

11. பறிப்பு

முன்னதாகப் பறிக்க முடிவதற்குக் காரணம் உண்டு. பிளம்ஸ், பறித்த பிறகும் பழுக்கும். ஆனால் பச்சையாகப் பறித்தால் மென்மையாகுமே தவிர இனிக்காது. செங்காய்ப் பருவம்தான் சரி: தோலின் அடிநிறம் பச்சையிலிருந்து மாறியிருக்கும், நுனியில் கட்டைவிரலை வைத்தால் லேசாக இணங்கும், சற்றுத் திருகினால் காம்போடு வரும். மேல்தோலின் சிவப்பை மட்டும் நம்பாதீர்கள். சில ரகங்கள் உள்ளே புளிக்கும்போதே வெளியே சிவந்துவிடும்.

ஒரே நாளில் எல்லாம் தயாராகாது. ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை, இரண்டு நாளுக்கு ஒருமுறை காலைக் குளிரில் பறியுங்கள். வைக்கோல் பரப்பிய தட்டில் ஒரே அடுக்காக, காம்பு கீழே பார்க்க வைத்தால் மூன்று நாளில் மணம் வரும். கொட்டைக்குள் இருக்கும் பருப்பைக் குழந்தைகள் உடைத்துத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் சயனைடாக மாறும் பொருள் இருக்கிறது.

கடைசிப் பழம் இறங்கியதும் மரத்துக்கு ஒரு கூடை தொழு உரம் வையுங்கள், மழைக்கு முன் வடிகாலைத் தூர் வாருங்கள். வெப்பமானியின் குறிப்பேட்டில் அந்த ஆண்டு இலை எடுத்த தேதி, முதல் பூ, முதல் பழம் மூன்றையும் எழுதி வையுங்கள். அடுத்த டிசம்பரில் எந்த வாரம் கத்தரியை எடுப்பது என்பதை அந்த மூன்று தேதிகளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.